அம்மாவின் மூட்டு ஆபரேஷனும் அரை டம்ளர் காபியும்

காலை ஏழே கால் இருக்கும். தியேட்டருக்கு அழைத்துப் போக ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அம்மா பச்சை கவுன் போட்டு, முடியைக் குல்லாவுக்குள் அடக்கி, நெற்றியில் திருநீறு மட்டும் கலையாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு. ரெண்டு இட்லி."

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா. விடியக்காலைல அரை டம்ளர் காபி, அவ்வளவுதான்."

சிஸ்டரின் பேனா நின்றுவிட்டது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை பிளாஸ்க்கைப் பார்த்தார்.

மயக்க டாக்டர் வந்தார். கோபப்படவில்லை, ஆனால் அசையவும் இல்லை. அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. அடுத்த தேதி ஆறு நாள் கழித்துத்தான் கிடைத்தது. சென்னையிலிருந்து லீவு போட்டு வந்திருந்த அண்ணன் அப்படியே திரும்பிப் போனான்.

"காபி தண்ணி மாதிரிதானே டாக்டர்? அதுவும் முதுகுலதானே ஊசி போடறீங்க, வயித்துக்கும் அதுக்கும் என்ன?" என்று அத்தை கேட்டார். அசட்டுக் கேள்வி இல்லை அது, என் மனதிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதுகில் போடும் ஊசி சில சமயம் போதாமல் போகலாம், அப்போது முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். முழு மயக்கத்தில் இருமல், விழுங்கல் எதுவும் வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கெட்டியாகிவிடும் என்பதால் அவர்கள் கணக்கில் அது சாப்பாடு. பால் சேர்ந்த எதற்கும் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பொதுவாக இரண்டு மணி நேரம் போதும்.

கடைசி வாக்கியம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அம்மா இரவெல்லாம் நாக்கு வறண்டு கிடந்தார். தண்ணீர் குடிக்கலாம் என்று முதல் நாள் யாரும் சொல்லவில்லை. "பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது" என்பதோடு சரி. எங்கள் வீட்டில் சாப்பிடுவது என்றால் சோறு, டிபன். விருந்தாளி வந்தால் "காபி சாப்பிடறீங்களா" என்போம், அது வேறு கணக்கு.

இரண்டாவது முறை நானே ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலில் ஒட்டினேன். காபி, டீ, பால், ஹார்லிக்ஸ், மோர், இளநீர், பிஸ்கட், வெற்றிலை, கோயில் பிரசாதம், எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும், அதுவும் காலை ஐந்து மணி வரை. அந்த ஐந்து மணியை நானாகப் போடவில்லை, டாக்டரிடம் கேட்டுப் போட்டேன். நாள்பட்ட சுகர் உள்ள சிலருக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகுமாம், அதனால் ஒருவருக்குச் சொன்ன நேரம் இன்னொருவருக்குச் சரிவராது. பிரசாதத்தைப் பட்டியலில் சேர்த்ததற்கு அத்தை முகத்தைச் சுளித்தார். ஆனால் அன்று மாலை பார்க்க வந்த மூன்று பேரில் இரண்டு பேர் கையில் பொட்டலம் இருந்தது.

காபி கடைசியில் வந்த கோளாறு. அதற்கு முன்னால் நாங்கள் செய்த தவறுகள்தான் பெரியவை.

அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. உறையூரில் அப்பாவோடு இருக்கிறார். வலது முழங்கால் தேய்ந்து கால் வில்லாக வளைந்துவிட்டது. மூட்டு மாற்று ஆபரேஷன்தான் வழி என்று எலும்பு டாக்டர் சொன்னது போன வருடம் ஆனி மாதம். அன்று இரவே அண்ணனும் நானும் அப்பாவும் போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: அம்மாவிடம் எதையும் விவரமாகச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார். "சின்ன ஆபரேஷன்தான், ரெண்டே நாள்ல நடந்துடலாம்" என்று சொல்லிவைத்தோம். அம்மா தலையாட்டினார். எங்களுக்கும் நிம்மதி.

ஒரு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை, அம்மாவை ஆட்டோவில் வெக்காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கருவறைக்கு மேல் கூரை கிடையாது. அம்மன் வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் இருப்பவள். வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். அம்மா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்ததால், "நீ எழுது பாப்பா, நான் சொல்றேன்" என்றார். உயிரோடு திரும்ப வேண்டும், கால் நேராக வேண்டும் என்றெல்லாம் வரும் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னது ஒரே வரி.

"ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுக்கு யார் கையையும் எதிர்பார்க்க வச்சிடாதே தாயே."

எழுதி மடித்துக் கட்டினேன். ஆட்டோவில் திரும்பும்போதுதான் புரிந்தது. ஒரு வாரமாக நாங்கள் அம்மாவுக்கு இல்லாத பயத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். சாவைப் பற்றிய கவலையே அவருக்கு இல்லை. மருமகள் பெட் பேன் பிடிக்க வேண்டுமே என்பதில்தான் தூக்கம் போயிருந்தது. அதை மகனிடம் சொல்ல முடியாது, புருஷனிடமும் சொல்ல முடியாது. சாமியிடம் சொன்னார், அதுவும் கண்ணாடி கொண்டுவராததால் என் காதில் விழுந்தது.

அடுத்த முறை எலும்பு டாக்டரிடம் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டேன்: "எத்தனையாவது நாள் இவங்களே பாத்ரூம் போவாங்க?" டாக்டரும் அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். முதல் நாள் சிறுநீருக்கு டியூப் இருக்கும். மறுநாள் பிசியோ வந்து வாக்கர் பிடித்து நிற்க வைத்து நடக்க வைப்பார். டியூபை எடுத்ததும் வாக்கரோடு பாத்ரூம் போகலாம், ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட்தான், அதிலும் உயரம் கூட்டியது. இந்தியன் டாய்லெட்டை மறந்துவிட வேண்டியதுதான். அம்மா கேட்டுக்கொண்டே வந்து, "அப்ப டியூப் ஒரு நாளைக்குத்தானே?" என்று இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியிலேயே கமோடு நாற்காலியும் வாக்கரும் வாங்கினோம்.

ஆபரேஷனுக்கு முன்பே வாங்கியது நாங்கள் உருப்படியாகச் செய்த காரியங்களில் ஒன்று. வாக்கரை வலியில்லாத கையோடும் தெளிந்த தலையோடும் பழகிக்கொள்வது வேறு, தையலும் வலியுமாக இருக்கும்போது பழகுவது வேறு. முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் செய்யும் கால், கடைசியில் நல்ல கால் என்ற வரிசையை அம்மா கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை தினமும் இரண்டு நடை நடந்து பழகினார். நடக்கும்போதுதான் பாத்ரூம் வாசற்படி மூன்று அங்குலம் உயரம் என்பதும், வாக்கர் அந்தக் கதவுக்குள் நுழையாது என்பதும் தெரிந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுப் படியைச் சரிவாக்கி, சுவரில் கைப்பிடி அடித்தோம். கதவையே கழற்றிவிட்டுத் திரைச்சீலை போட்டோம். மிதியடிகளை எல்லாம் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று.

மயக்க டாக்டரிடம் ஃபிட்னஸ் பார்க்கப் போன நாள் இன்னொரு ரகம். பிபி, சுகர், இசிஜி, எக்கோ எல்லாம் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி சுகரான ஹெச்பிஏ1சி 9.1 இருந்தது. எட்டுக்குக் கீழே வந்தால்தான் தேதி, இல்லாவிட்டால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்றார் டாக்டர். அப்புறம் அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். முழங்கையில் இருந்த நீலத் திட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"இல்லீங்க."

"மூட்டு வலிக்குப் பொட்டலத்துல கட்டித் தருவாங்களே, அது மாதிரி?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஃபேனைப் பார்த்தார். இரண்டு வருடமாக அப்பாதான் வாங்கி வந்திருக்கிறார். பேர் இல்லாத மாத்திரை, காகிதத்தில் மடித்தது, ஒரு வெள்ளை, ஒரு பொடி மாத்திரை. போட்டால் அரை மணியில் வலி பறந்துவிடுமாம். மகளுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள். திட்டியிருப்பேன் என்பதும் உண்மைதான்.

அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். முகம் உப்பியதும், தோல் மெலிந்து கன்றியதும், சுகர் இறங்காமல் அடம்பிடித்ததும் அதனால் இருக்கலாம். நான் உடனே "இன்னியோட நிறுத்திடறோம்" என்றேன். கூடாது என்றார். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினாலோ, ஆபரேஷன் சமயத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்தாலோ ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை எடுத்து, சுகர் டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூன்று மாதத்தில் சுகர் 7.4க்கு வந்தது.

அன்றிலிருந்து நான் யாருக்கு யோசனை சொன்னாலும் இதை முதலில் சொல்கிறேன்: வீட்டில் இருக்கும் மாத்திரை, லேகியம், சூரணம், தைலம், பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம், அட்டையையே காட்டுங்கள். அப்புறம் பிள்ளைகள் ஐந்து நிமிடம் வெளியே போய்விடுங்கள். பெற்றவர்கள் நம் முன்னால் சொல்லாத விஷயம் ஒன்றாவது இருக்கும்.

மாத்திரைகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதில் பொது விதி எதுவும் கிடையாது. அம்மாவின் சுகர் மாத்திரைகளில் ஒன்று டாபாகிளிஃப்ளோசின், அதை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். மெட்ஃபார்மினை அன்று காலை மட்டும். தைராய்டு மாத்திரையையும் பிபி மாத்திரையான அம்லோடிபினையும் அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொன்னார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் கவனமான கணக்கு. தானாக நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் தொடர்வதும் ஆபத்து. நான் காலண்டரில் அந்தந்தத் தேதிக்கு நேராக மாத்திரை அட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டிவைத்தேன். அப்பாவுக்குப் பேர் படிக்கத் தெரிந்தாலும் நிறம் பார்த்துத்தான் மாத்திரை எடுப்பார்.

அந்த மூன்று மாதக் காத்திருப்பு வீணாகவில்லை. பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சிகளுக்கு அது பயன்பட்டது. பழைய சேலையை உருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, சேலையைக் கட்டிலோடு அமுக்குவது போலத் தொடையை இறுக்கி ஐந்து எண்ண வேண்டும். காலை நேராக ஒரு சாண் தூக்கிப் பிடிக்க வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், அது ரத்தம் கட்டாமல் இருக்க. தொடைத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நடக்கலாமாம். அம்மா ஒழுங்காகச் செய்தார் என்று சொன்னால் பொய். சீரியல் விளம்பர இடைவேளையில் மட்டும் செய்வது என்று ஒரு உடன்படிக்கைக்கு வந்த பிறகுதான் நடந்தது. விளம்பரங்கள் நீளமானவை என்பதால் நல்ல பலன்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியும் கொடுத்தார்கள். அம்மா ஒரு வாரம் அதை ஊதிக்கொண்டிருந்தார். பந்து அசையவே இல்லை என்று வருத்தம் வேறு. அது ஊதுவதற்கு இல்லை, ஜூஸ் உறிஞ்சுவது போல இழுப்பதற்கு. முதல் பந்து 600, இரண்டாவது 900, மூன்றாவது 1200 என்று போட்டிருக்கும், நொடிக்கு எத்தனை மில்லி காற்றை இழுக்கிறோம் என்ற கணக்கு அது. அம்மா இரண்டு பந்து தாண்டவில்லை. போதும் என்றார்கள்.

பல் டாக்டரிடமும் போகச் சொன்னபோது "முழங்காலுக்கும் பல்லுக்கும் என்ன?" என்று அப்பா சிரித்தார். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், எங்கே கிருமி இருந்தாலும் அது ரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் போய் உட்காரலாம். அம்மாவுக்குப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. தினமும் உப்பு ஒத்தடம் கொடுத்து முழங்காலில் ஒரு சூட்டுத் தழும்பும் இருந்தது. அதைப் பார்த்ததும் ஒத்தடம், தைலம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அங்கே சிராய்ப்போ கொப்புளமோ இருந்தால் அன்றே ரத்து. காலில் இருக்கும் முடியை வீட்டில் பிளேடால் வழிக்கவும் கூடாது, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் மெஷினால் எடுப்பார்கள்.

நகைக்கு வருவோம். மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும், தியேட்டரில் மின்சாரக் கருவியால் ரத்தக் குழாய்களைப் பொசுக்கி அடைக்கும்போது உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடும். அம்மாவின் மூக்குத்தி நாற்பது வருடமாகக் கழற்றாதது. திருகு இறுகிப்போயிருந்தது. ஆசாரிதான் சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகி எடுத்தார். இதை ஒரு வாரம் முன்பே செய்துவிட்டது நல்லதாயிற்று.

தாலிதான் சிக்கல். ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் அவசரத்தில், "தாலியக் கழட்டிக் குடுத்துடுங்க" என்று சொல்லி, அதைக் கேட்டு அழுத ஒரு பெண்ணை நான் பக்கத்துக் கட்டிலில் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையோடு உள்ளே போனவருக்கு பிபி என்ன இருந்திருக்கும்? நாங்கள் முன்கூட்டியே கேட்டோம். தங்கம் கூடாது, கயிறு பரவாயில்லை, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறோம் என்றார்கள். அம்மா வீட்டிலேயே, நல்ல நேரம் பார்த்து, புது மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்து அப்பா கையால் கட்டிக்கொண்டு, அப்புறம் தங்கத்தைக் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அப்பாவுக்குக் கை நடுங்கியது. "கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் நடுங்குச்சு" என்று அம்மா சிரித்தார். இதைப் பத்தாம்பசலித்தனம் என்று அண்ணன் முனகினான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அஷ்டமி, நவமி, சந்திராஷ்டமம் தவிர்த்துத் தேதி கேட்டபோதும் டாக்டர் முகம் சுளிக்காமல் மாற்றிக்கொடுத்தார். செலவில்லாத மருந்து, கிடைக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தேதி தெரிந்ததும் பார்க்க வருபவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "எங்க மச்சினிக்கு இதே ஆபரேஷன்தான், அப்புறம் எந்திரிக்கவே இல்லை." இதைச் சொல்லிவிட்டு முறுக்கு சாப்பிட்டார்கள். நான் வாசலிலேயே பேசி அனுப்பப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் எதிர்மருந்து தேடினேன். மூன்று தெரு தள்ளி, இரண்டு வருடம் முன்பு இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு டீச்சரம்மா இருந்தார். அவரே நடந்து வந்தார். சேலையை முழங்கால் வரை தூக்கித் தழும்பைக் காட்டினார். அம்மா விரலால் தடவிப் பார்த்தார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். முதல் பத்து நாள் வலி உயிரை எடுக்கும், மூன்றாவது வாரம் ஏன் செய்தோம் என்று அழுகை வரும், தரையில் சம்மணம் போட முடியாது, கோலம் நின்றுகொண்டு குனிந்துதான் போட வேண்டும். நாங்கள் மறைத்த எல்லாவற்றையும் அவர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

பணம் பற்றியும் மறைத்தோம். அதுவும் பலிக்கவில்லை. மூட்டுக் கருவிகளுக்கு 2017இல் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்த பிறகு முன்போல லட்சக்கணக்கில் கருவிக்கு மட்டும் போவதில்லை. ஆனாலும் அறை, மருந்து, பிசியோ என்று சேரும். எஸ்டிமேட்டை அம்மாவிடம் காட்டினேன். பேத்தி ஃபீசிலிருந்து எடுக்கவில்லை என்பதை பாஸ்புக்கில் பார்த்த பிறகுதான் கேள்வி நின்றது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் முதலில் அதை விசாரியுங்கள், குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு.

சம்மதப் படிவத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு நீட்டி, "மகள்தானே, இங்க போடுங்க" என்றார்கள். தமிழ்ப் படிவம் கேட்டேன், இருந்தது. அம்மாவே கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். நடுவில் "கிருமித் தொற்று" என்ற இடத்தில் நிறுத்தி, "அதுக்குத்தானே பல்லைப் புடுங்குனது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு நாள் கழித்து வந்த இரண்டாவது காலையில் அத்தை பிளாஸ்க் கொண்டுவரவில்லை. போகும் முன் மயக்க டாக்டர் வந்து ஒன்று சொன்னார், இதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். "அம்மா, இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும். உள்ள தச்சுப்பட்டறை மாதிரி சத்தம் கேக்கும். ரம்பம், சுத்தியல் எல்லாம். உங்களுக்கு வலிக்காது, சத்தம் மட்டும்தான். வேண்டாம்னா லேசாத் தூங்க வைக்கிறேன். வெளிய வந்ததும் கால் இருக்கிற மாதிரியே தெரியாது, சில மணி நேரத்துல தானா வந்துடும்." அம்மா கந்த சஷ்டி கவசம் கேட்கிறேன் என்று ஹெட்போன் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு தடவை முழுசா ஓடுச்சு. நடுநடுவுல டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு, நம்ம வீட்டு நிலை செஞ்சப்ப கேட்ட மாதிரியே."

மறுநாள் மதியம் டியூபை எடுத்தார்கள். மாலை நாலரை மணிக்கு வாக்கரைப் பிடித்துப் பாத்ரூமுக்குப் போனார். நான் கூடப் போகப் பார்த்தேன். "நீ வெளிய நில்லுடி" என்றார்.

இடது முழங்காலுக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். இப்போது யாருக்காவது ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் டீச்சரம்மாவும் அம்மாவும் சேர்ந்தே போகிறார்கள், சேலையைத் தூக்கித் தழும்பைக் காட்ட. கமோடு நாற்காலியும் கூடவே போகிறது. எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது. ஒரு காலின் ரப்பர் குல்லா எங்கோ விழுந்துவிட்டதாம், டைல்ஸில் வழுக்கும். அம்மா காலையிலிருந்து நச்சரிக்கிறார், சாயங்காலம் கடைக்குப் போய் வாங்கிக் கொடுக்க வேண்டும்.